சம்பளம் இல்லாத வேலைக்குக் கல்லூரி கொடுக்கும் சம்பளம்!

வேலை செய்தால் கூலி உண்டு. இது உலகம் அறிந்த வழக்கம்.

ஆனால் அமெரிக்காவில் ஒரு வகை வேலை இருக்கிறது. காலை 9 மணிக்குப் போக வேண்டும். மாலை 5 மணி வரை உழைக்க வேண்டும். மாதம் முடிந்தால் கையில் ஒரு காசு கிடைக்காது.

இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் வருமா?

வருகிறது. போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். வருகிறவர்கள் கல்லூரி மாணவ-மாணவிகள்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வேலை வாங்குகிறவர் கொடுக்காத சம்பளத்தை, மாணவர் படிக்கும் கல்லூரி கொடுக்கிறது!

இது ஏன்? யாருக்கு லாபம்? பார்ப்போம்.

கோடை விடுமுறைப் பயிற்சி

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மே மாதம் முதல் ஆகஸ்டு மாதம் வரை கோடை விடுமுறை. அந்த நாட்களில் மாணவர்கள் ஏதாவது ஓர் ஆபீசில் சேர்ந்து தொழில் பழகுவார்கள். பத்திரிகை ஆபீஸ், சினிமா கம்பெனி, பொருட்காட்சி சாலை, பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகம், தர்ம ஸ்தாபனம் என்று பல இடங்கள் உண்டு.

இதற்கு "இன்டர்ன்ஷிப்" என்று பெயர். பயிற்சி வேலை என்று சொல்லலாம். நம் ஊரில் சட்டம் படித்தவர் பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேருகிறார் அல்லவா? கிட்டத்தட்ட அது மாதிரி.

பெரிய பாங்கிகளும், கம்ப்யூட்டர் கம்பெனிகளும் இந்தப் பயிற்சிக்கு நல்ல சம்பளம் கொடுக்கின்றன. பத்திரிகை, கலை, அரசியல், பொதுத்தொண்டு போன்ற துறைகளில்தான் சம்பளம் இல்லாத பயிற்சி அதிகம்.

சம்பளம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?

சொல்வது எளிதல்ல. படிப்பை முடித்து வேலைக்கு மனுப் போடும்போது, "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள். அனுபவம் இல்லாதவர் மனு அடியில் போய்விடும்.

அனுபவம் இருந்தால்தான் வேலை. அனுபவம் வேண்டுமானால் சும்மா உழைக்க வேண்டும். மாணவர்களின் சங்கடம் இதுதான்.

வீடு அசையாமல் தின்னும்

சும்மா உழைப்பதில் எவ்வளவு நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வாரத்துக்கு 40 மணி நேரம். இப்படி 10 வாரம். மொத்தம் 400 மணி நேரம்.

அமெரிக்க மத்திய அரசாங்கச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி ஒரு மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-ம் ஆண்டில் வைத்த கூலி இது. இந்தக் கணக்கில் 400 மணி நேரத்துக்கு 2,900 டாலர் ஆகிறது.

சில மாநிலங்களும், நகரங்களும் இதைவிட அதிகக் கூலி வைத்திருக்கின்றன. நியூயார்க் நகரில் 2025-ம் ஆண்டில் ஒரு மணிக்கு 16 டாலர் 50 சென்ட். இந்தக் கணக்கில் பார்த்தால் 6,600 டாலர். அவ்வளவு உழைப்பும் இனாம்!

நஷ்டம் இதோடு தீரவில்லை. நல்ல பயிற்சி வேலைகள் நியூயார்க், வாஷிங்டன் போன்ற பெரிய நகரங்களில்தான் அதிகம். அங்கே போய் வாடகைக்கு அறை எடுக்க வேண்டும். சாப்பிட வேண்டும். தினமும் ரெயிலுக்குக் காசு வேண்டும்.

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது நம் பழமொழி. அந்த நகரங்களின் வாடகைக்கு இது ரொம்பப் பொருத்தம்.

மூன்றாவது நஷ்டம் ஒன்று உண்டு. ஏழை மாணவருக்குச் சம்பளச் சலுகை கொடுக்கும் பல கல்லூரிகள், "கோடை விடுமுறையில் நீ சம்பாதித்து, படிப்புச் செலவில் இவ்வளவு பங்கு கொடுக்க வேண்டும்" என்று கணக்கு வைத்திருக்கின்றன. சம்பளம் இல்லாத வேலைக்குப் போனால் அந்தப் பங்குக்கு எங்கே போவது?

ஒரு கல்லூரியில் இரண்டு பேர் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் டாக்டர் மகன். இன்னொருவர் பஸ் டிரைவர் மகள். இரண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. இருவரையும் ஒரு பத்திரிகை ஆபீஸ் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது.

டாக்டர் மகன் அப்பா பணத்தில் நியூயார்க் போகிறான். டிரைவர் மகள் சொந்த ஊர்க் கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள்.

இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பத்திரிகையில் உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்? சொல்ல வேண்டியதில்லை.

அறிவில் குறைவில்லை. உழைப்பில் குறைவில்லை. வாடகைக்குப் பணம் இல்லை. அவ்வளவுதான். இதனால் ஒரு துறையே வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் கைக்குப் போய்விடுகிறது.

குடியானவர் மகள் செய்த வேலை

இதைச் சரிக்கட்டத்தான் கல்லூரிகள் கோடைக்கால உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கின.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்று ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. 1875-ம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய கல்லூரி. 1995-ம் ஆண்டில் இதன் தலைவியாக ரூத் சிம்மன்ஸ் என்ற அம்மையார் பொறுப்பேற்றார்.

அவர் டெக்சாஸ் மாநிலத்தில் 1945-ம் ஆண்டில் பிறந்த நீக்ரோ இனப் பெண்மணி என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். இன்று கறுப்பின அமெரிக்கர் என்பதே மரியாதை. தந்தை அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவர். வீட்டில் 12 குழந்தைகள். ரூத் கடைக்குட்டி.

உபகாரச் சம்பளத்தில் படித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பிரவுன் பல்கலைக்கழகத்துக்கும் தலைவியானார். ஹார்வர்டு, யேல், பிரவுன் முதலான 8 புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களை "ஐவி லீக்" என்பார்கள். அதில் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

அவர் ஸ்மித் கல்லூரியில் இருந்தபோது தொடங்கிய திட்டத்துக்கு "பிராக்சிஸ்" என்று பெயர். படிக்கும் காலத்தில் ஒரு தடவை, சம்பளம் இல்லாத கோடைப் பயிற்சிக்குப் போகும் மாணவிக்குக் கல்லூரியே பணம் கொடுக்கும். ஒரு சிலருக்கு மட்டும் அல்ல. தகுந்த பயிற்சியைத் தேடிக்கொண்ட எந்த மாணவிக்கும் உண்டு.

அதே மாநிலத்தில் உள்ள மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியும் பிற்பாடு இப்படி ஒரு திட்டம் வைத்தது. இன்னும் பல கல்லூரிகளில் இத்தகைய உதவி உண்டு.

பணம் எப்படி வருகிறது?

மாணவர் முதலில் பயிற்சி வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும். "இவரைச் சேர்த்துக்கொள்கிறோம், சம்பளம் இல்லை" என்று அந்த ஆபீஸ் கடிதம் கொடுக்க வேண்டும். என்ன கற்கப்போகிறார், வாடகைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று எழுதி மனுப் போட வேண்டும். பயிற்சி முடிந்ததும் அறிக்கை கொடுக்க வேண்டும். பொதுவாக நடைமுறை இதுதான்.

கல்லூரிக்கு ஏது பணம்? பெரும்பாலும் பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடை. அந்த நிதியை முதலீடு செய்து, வரும் வருமானத்தில் கொடுக்கிறார்கள்.

இதில் கஷ்டங்களும் உண்டு. பல கல்லூரிகளில் மனுப் போட்ட எல்லோருக்கும் கிடைக்காது. வேலைக்குச் "சரி" என்று சொன்ன பிறகுதான் பணம் உண்டா இல்லையா என்றே தெரியும். ஏழை வீட்டில் இந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

கிடைத்த பணத்துக்கு வருமான வரியும் வரலாம். கல்லூரிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடும் உதவிப் பணத்துக்கு அங்கே வரி இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுப்பது வரிக் கணக்கில் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சும்மா வேலை வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லையா?

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-ம் ஆண்டில் வந்தது. அப்போது ஜனாதிபதி ரூஸ்வெல்ட். கூலி ஒரு மணிக்கு 25 சென்ட்.

1947-ம் ஆண்டில் ஒரு ரெயில்வே கம்பெனி வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ரெயில்வே யார்டில் பிரேக் ஆட்களாகச் சேர விரும்பியவர்களுக்கு, 7 அல்லது 8 நாள் சம்பளம் இல்லாத பயிற்சி. அவர்களால் கம்பெனிக்கு உடனடி லாபம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதால் சில சமயம் வேலைதான் தடைப்பட்டது. ஆகவே அவர்கள் தொழிலாளர்கள் அல்ல என்று கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

7 நாள் பயிற்சிக்குச் சொன்ன தீர்ப்பு. மாதக்கணக்கில் வேலை வாங்குகிறவர்களுக்கும் பிற்காலத்தில் அதுவே கேடயம் ஆயிற்று!

2010-ம் ஆண்டில் "பிளாக் ஸ்வான்" என்ற சினிமாப் படம் வெளிவந்தது. உலகம் எங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூல். கதாநாயகிக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

அந்தப் படத்தில் சம்பளம் இல்லாமல் பயிற்சி வேலை பார்த்த இருவர், 2011-ம் ஆண்டில் நியூயார்க் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்கள்.

சினிமாத் தொழிலைக் கற்க வந்தவருக்குக் கொடுத்த வேலைகளில் சில: டெலிபோனுக்குப் பதில் சொல்வது, காப்பி போடுவது, மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவது.

2013-ம் ஆண்டில் நீதிபதி, "இவர்கள் தொழிலாளர்களே" என்று தீர்ப்பளித்தார். ஆனால் 2015-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பயிற்சியால் அதிக நன்மை யாருக்கு? மாணவருக்கா, கம்பெனிக்கா? அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. மறு ஆண்டில் வழக்கு ராஜியில் முடிந்தது.

2018-ம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளர் இலாகாவும் இந்த அளவுகோலையே ஏற்றுக்கொண்டது. இது லாபம் சம்பாதிக்கும் கம்பெனிகளுக்கு. தர்ம ஸ்தாபனத்திலும், அரசாங்க அலுவலகத்திலும் தொண்டராகச் சம்பளம் இல்லாமல் உழைக்கச் சட்டம் பொதுவாக இடம் கொடுக்கிறது.

வெள்ளை மாளிகையிலும் இனாம் வேலை

சட்டம் செய்கிறவர்களே நெடுங்காலம் சும்மா வேலை வாங்கினார்கள். பாராளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் பலவற்றில் பயிற்சியாளருக்குச் சம்பளம் இல்லை.

2018-ம் ஆண்டில்தான் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். கீழ்ச் சபைக்கு 88 லட்சம் டாலர். மேல் சபைக்கு 50 லட்சம் டாலர்.

ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையில் பயிற்சியாளர்களுக்கு முதல் தடவையாகச் சம்பளம் கொடுத்தது, பைடன் ஆட்சியில், 2022-ம் ஆண்டின் பிற்பகுதியில்!

மனம் வைத்தால் பணம் வரும் என்பதை இது காட்டுகிறது.

கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

இப்போது முக்கியமான கேள்வி. கல்லூரி பணம் கொடுப்பது நல்லதா?

டிரைவர் மகளுக்கு நல்லது. அதில் சந்தேகம் இல்லை. அவளும் நியூயார்க் போகலாம்.

ஆனால் அவள் படிப்பது எந்தக் கல்லூரி? ஸ்மித் கல்லூரிக்கு 200 கோடி டாலருக்கு மேல் நிதி இருக்கிறது. அது கொடுக்கும். அமெரிக்காவில் சுமார் 1,000 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. குறைந்த சம்பளத்தில் 2 ஆண்டுப் படிப்பு. ஏழைகள் அதிகம் படிப்பது அங்கேதான். அவற்றுக்கு இப்படிப்பட்ட நிதி ஏது?

ஆகவே பணக்காரக் கல்லூரியில் படிக்கும் ஏழைக்கு உதவி கிடைக்கிறது. ஏழைக் கல்லூரியில் படிக்கும் ஏழைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. கல்லூரி பணம் கொடுக்கும் என்று தெரிந்தால், லாபம் சம்பாதிக்கும் கம்பெனி தன் பையை ஏன் திறக்கும்? உழைப்பு கம்பெனிக்கு. செலவு கல்லூரிக்கு. "இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கிறோம்" என்ற பெயர் மட்டும் கம்பெனிக்கு! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான் இது.

இதற்காகவே சில கல்லூரிகள், தர்ம ஸ்தாபனத்திலும் அரசாங்கத்திலும் பயிற்சி பெறுகிறவர்களுக்கு மட்டும் உதவி என்று விதி வைத்திருக்கின்றன. இது நியாயமான விதி. அனாதைக் குழந்தைகளைக் காக்கும் சிறு ஸ்தாபனத்திடம் போய்ச் சம்பளம் கேட்க முடியாது. அங்கே கல்லூரி கொடுப்பதுதான் சரி. கோடிக்கணக்கில் வசூல் ஆகும் படத்துக்குக் காப்பி போட்டவருக்கு, படக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும்.

கல்லூரியின் உதவி நின்றுவிடக் கூடாது. அது நின்றால் நாளைக்கே வழி அடைபடுவது ஏழைப் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் அந்த உதவியைக் காட்டி முதலாளி தப்பித்துக்கொள்ளவும் கூடாது.

உழைப்பை வாங்கியவர் யாரோ, அவரே கூலி கொடுக்கட்டும். அவரால் முடியாத இடத்தில் கல்லூரி கொடுக்கட்டும். அப்போதுதான் டிரைவர் மகளும் டாக்டர் மகனும் ஒரே வரிசையில் நின்று, திறமையைக் காட்டி உத்தியோகம் பெற முடியும்.