அச்சத்துக்கா, குறிக்கா?

இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு, பெண்களின் தற்காப்புக்கென்று கூறி ஒரு சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'நிர்பீக்'. சில ஆண்டுகளில் .22 அளவுள்ள, அதைவிட எடை குறைந்த மற்றொன்று வந்தது. அதன் பெயர் 'நிடர்'. முன்னது வடமொழிச் சொல்; பின்னது இந்திச் சொல். இரண்டுக்கும் பொருள் 'அஞ்சாத' என்பதே. இரண்டும் ஒரே முறையில் அமைந்தவை: எதிர்மறை முன்னொட்டு ஒன்று, அதன்பின் அச்சத்தைக் குறிக்கும் பகுதி. முன்னொட்டை நீக்கிவிட்டால் எஞ்சுவது அச்சம் மட்டுமே. இந்தியச் சந்தையில் சுழல் துப்பாக்கி என்ன பொருளாக விற்கப்படுகிறது என்பதை இவ்விரு பெயர்களே சொல்லிவிடுகின்றன.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் துப்பாக்கி சுடுதலில் மட்டும் இந்தியா மூன்று வெண்கலம் வென்றபின், பல்கலைக்கழக வட்டாரங்களில் இந்த விளையாட்டின்மீது ஆர்வம் கூடியிருக்கிறது. சுடுதல் மன்றங்களில் சேர விரும்பும் ஆய்வு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு: "பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுட எந்த .22 ரிவால்வரை வாங்கலாம்?" கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி மறைந்திருக்கிறது. அதை முதலில் வெளியே எடுக்காமல் விடை சொல்வது பொறுப்பாகாது. அச்சத்தை ஆற்றும் கருவியும் குறியைத் தேடும் கருவியும் ஒன்றுக்கொன்று எதிரான இலக்கணம் கொண்டவை. ஒன்றை வாங்கி மற்றொன்றாகப் பயன்படுத்த முடியாது என்பதே என் கருத்து. அதைக் கருவியின் அமைப்பிலிருந்தே காட்ட முயல்கிறேன்.

முதலில் தோட்டா. 'ரிம்ஃபயர்' என்பது, அடித்தவுடன் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிப்புற விளிம்புக்குள்ளேயே வைக்கப்பட்ட வகை. சுத்தியல் விழும்போது அவ்விளிம்பு நசுங்கித் தீப்பிடிக்கிறது. நசுங்க வேண்டுமென்பதற்காகவே அதன் உறை மெல்லியதாக இருக்கிறது. மெல்லிய உறை மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே தோட்டாவின் ஆற்றலும் குறைவு. இக்குறைபாடே பயில்பவருக்கு வரமாகிறது. உதைப்பு குறைவு, ஓசை குறைவு, விலையும் மற்ற தோட்டாக்களைவிடக் குறைவு. 1887இல் அறிமுகமான .22 லாங் ரைஃபிள் தோட்டா இன்றளவும் உலகெங்கும் பயிற்சிக் களங்களில் முதலிடம் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிகள் நடப்பதும் இத்தோட்டாவில்தான்.

அடுத்து சுழல் துப்பாக்கி. போட்டிக் களத்தில் இன்று தானியங்கிப் பிஸ்டல்களே கோலோச்சுகின்றன என்பது உண்மை. ஆயினும் பொழுதுபோக்காகப் பயில்பவருக்குச் சுழல் துப்பாக்கியில் ஒரு நேர்மை உண்டு. உருளையை வெளியே தள்ளினால் அதில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். வீரியம் குறைந்த தோட்டாவும் அதில் சிக்கிக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துச் சுடும்போது, ஒவ்வொரு குண்டும் தனித்த முடிவாகிறது. அவசரத்தை மட்டுப்படுத்தும் கருவி அது.

இனித் தேர்வு. குறிக்கென்று வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரம். எளிய கணக்கு ஒன்று போதும். இத்தூரம் 10 செ.மீ. என்றும், முன்குறி 1 மி.மீ. விலகி நிற்கிறது என்றும் கொள்வோம். 25 மீட்டர் தொலைவில் அது 25 செ.மீ. பிழையாகும். பன்னாட்டு விதிப்படி, 25 மீட்டர் துல்லியச் சுடுதலுக்கான இலக்குத்தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 5 செ.மீ.; ஒரு புள்ளி வளையத்தின் விட்டம் 50 செ.மீ. அதாவது, 1 மி.மீ. நடுக்கம் நடுவிலிருந்த உங்கள் குண்டைத் தாளின் கடைசி வளைய விளிம்புக்கே தள்ளிவிடுகிறது. அதே தூரம் 20 செ.மீ. ஆனால் பிழை பாதியாகும். நீண்ட குழலைத் தேர்வதற்கான காரணம் இதுதான். ஆறு அங்குலக் குழலுள்ள சுழல் துப்பாக்கியில் இத்தூரம் ஏறக்குறைய 20 செ.மீ. வரை கிடைக்கும். சட்டைப்பையில் மறைக்கத்தக்க இரண்டங்குலக் குழலில் அதில் பாதிதான்.

இரண்டாவது, எடை. கனமான கருவி கையின் நடுக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும். பன்னாட்டு விதிகள் 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,400 கிராம் வரை எடையை அனுமதிக்கின்றன. போட்டியாளர்கள் வாங்குவதும் ஒரு கிலோவை ஒட்டிய கருவிகளையே. 'நிர்பீக்' அரைக் கிலோ; 'நிடர்' அதிலும் பாதி. கைப்பைக்கு அது வசதி. குறிக்கு அது பகை.

மூன்றாவது, விசை. விளிம்பை நசுக்கப் பலமான அடி தேவைப்படுவதால், சுத்தியலை ஏற்றாமல் நேரே விசையை இழுத்துச் சுடும்போது ரிம்ஃபயர் சுழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் நான்கைந்து கிலோ இழுவிசை கேட்கும். போட்டி விதியோ 25 மீட்டர் பிஸ்டலுக்கு ஒரு கிலோவைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. விரலின் பளு கூடக்கூடக் குழலின் முனை அசையும். எனவே சுத்தியலை முன்னதாக ஏற்றி மெல்லிய விசையில் சுடத்தக்க அமைப்பு இன்றியமையாதது. பையில் சிக்கக் கூடாதென்று சுத்தியலை உள்ளே மறைத்துவைத்த வகைகள் இத்தேர்வில் முதலிலேயே விலக்கத்தக்கவை.

நான்காவது, சரிசெய்யக்கூடிய பின்குறி. ஐந்தாவது, உருளையின் ஒவ்வொரு அறையும் குழலோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்பது. இதை அறிய வழியுண்டு: அறைகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வோர் அறையிலிருந்தும் தனித்தனித் தாளில் சில குண்டுகள் சுட்டுப் பாருங்கள். ஓர் அறை மட்டும் தொடர்ந்து விலகினால் பிழை உங்கள் கையில் இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் கே-22 வரிசையும், அதன் வழிவந்த பத்துத் தோட்டா கொள்ளும் 617உம் குறி சுடுவோரிடம் நற்பெயர் பெற்றது இப்பண்புகள் ஒருங்கே அமைந்ததால்தான்.

இப்போது இப்பட்டியலைத் திருப்பிப் படியுங்கள். குட்டையான குழல், குறைந்த எடை, கனத்த விசை, அசையாத குறி. தற்காப்புக்கென்று விற்கப்படும் சிறிய ரிவால்வரின் வருணனை அப்படியே கிடைத்துவிடும். ஒன்றின் சிறப்பு மற்றொன்றின் குறை.

இவ்வேறுபாட்டைச் சட்டமும் அறியும். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட மன்றத்தின் உறுப்பினர் குறிப்பயிற்சிக்காகக் கேட்கும் உரிமத்தைத் தனி வகையாகவே சுட்டுகிறது. ஆனால் நடைமுறை வேறு திசையில் இழுக்கிறது. 2019இன் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியாட்கள் இறக்குமதி செய்வது, சான்று பெற்ற போட்டியாளர்கள் போன்றோருக்கன்றி, பல பத்தாண்டுகளாக அடைபட்டே கிடக்கிறது. ஆகவே, "வாங்குவதே ஒன்று, அது இரண்டு வேலையும் செய்யட்டும், களத்திலும் சுடலாம், வீட்டிலும் இருக்கட்டும்" என்ற சிக்கன வாதம் எழுகிறது.

இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. குறிக்காக வைத்திருக்கும் துப்பாக்கி, களத்துக்கு வெளியே பூட்டப்பட்டு, தோட்டா நீக்கப்பட்டு, தோட்டாக்கள் வேறிடத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அச்சத்துக்காக வைத்திருப்பதோ தலையணைக்கருகில், தோட்டாவோடு, எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமென்று அச்சமே வற்புறுத்தும். ஒரே கருவி இரண்டு விதமாகவும் இருக்க முடியாது. இரண்டில் ஒன்று தோற்கும். தோற்பது பெரும்பாலும் பூட்டுதான்.

இதை ஆய்வு மாணவர்களிடம் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் வாழ்க்கை நெடிய தனிமையும் நிச்சயமின்மையும் கொண்டது. உதவித்தொகை நின்றுபோகும் மாதங்களும், நெறியாளரின் மௌனமும், முடிவே தெரியாத இரவுகளும் நம்மில் பலர் அறிந்தவை. வீட்டில் துப்பாக்கி இருப்பது தற்கொலையின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது பொதுநலவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. மனம் இருளும் கணம் பெரும்பாலும் கடந்துபோகக்கூடியது. கைக்கெட்டும் துப்பாக்கி அக்கணத்தைக் கடக்க விடுவதில்லை. நம் அறைகளில் துப்பாக்கி வேண்டாம் என்பேன். அது விளையாட்டுக்கு எதிரான சொல் அன்று. விளையாட்டின் இடம் களம் என்பதை நினைவூட்டும் சொல்.

அப்படியானால் தொடங்குவது எப்படி? 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலில் நிற்கும் முறை, மூச்சு, குறி, விசை எல்லாம் கற்கலாம். மனு பாக்கர் பாரிஸில் இரண்டு பதக்கம் பெற்றதும் அவ்வகையில்தான். அதன்பின் ஒரு மன்றத்தில் சேர்ந்து, பயிற்சியாளர் முன்னிலையில் மன்றத்தின் .22 கருவிகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள். ஓராண்டாவது தாளில் உங்கள் குண்டுகளின் கூட்டம் எங்கே விழுகிறதென்று குறித்து வையுங்கள். உரிமத்துக்கு 21 வயது நிறைவதும் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும். அக்காத்திருப்பை இழப்பாக எண்ண வேண்டியதில்லை. ஓராண்டின் தாள்கள் எந்தக் கடைக்காரரைவிடவும் நன்றாக உங்களுக்கேற்ற கைப்பிடியையும் எடையையும் சொல்லும்.

களத்தில் சில ஒழுக்கங்களையும் தொடக்கத்திலேயே கைக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணியுங்கள். ரிம்ஃபயர் தோட்டா சிலபோது வெடிக்காது போகும்; அப்போது குழலை இலக்கின் பக்கமே நிறுத்தி அரை நிமிடமாவது காத்திருங்கள். பல ரிம்ஃபயர் கருவிகளில் தோட்டாவின்றி விசையை இழுத்தால் ஊசி அறையின் விளிம்பில் மோதிச் சேதமாகும். செய்த நிறுவனத்தின் குறிப்பைப் பார்த்த பிறகே அப்பயிற்சியைச் செய்யுங்கள். சுட்டு முடித்ததும், உண்பதற்கு முன், ஈயம் படிந்த கைகளைக் கழுவுங்கள்.

தமிழில் 'குறிக்கோள்' என்ற சொல்லுக்குள்ளேயே 'குறி' இருக்கிறது. குறியைக் கொள்வது குறிக்கோள். துப்பாக்கிக் கடைக்குப் போகுமுன், நம் மனத்தில் இருப்பது அதுவா, அல்லது முன்னொட்டை நீக்கினால் எஞ்சும் அந்த அச்சமா என்று கேட்டுக்கொள்வோம். அச்சம்தான் என்றால், அதற்கு விடை ஆறங்குலக் குழலிலும் இல்லை, இரண்டங்குலக் குழலிலும் இல்லை. அது வேறோர் உரையாடல். குறிதான் என்றால், நீண்ட குழலும் நல்ல எடையும் மெல்லிய விசையும் உள்ள கருவியைத் தேடுங்கள். அதைக் களத்திலேயே சந்தியுங்கள். மாற்றுக் கருத்துடையோர் காரணங்களோடு எழுதுங்கள், உரையாடுவோம்.