பிள்ளையின் படிப்புக்கு யாரிடம் கையேந்துகிறீர்கள்?



ஒவ்வோர் ஆண்டும் என் அலுவலகக் கதவை இரண்டு வகையினர் தட்டுகிறார்கள். "மகளுக்கு நல்ல ரிசல்ட் சார், மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை" என்று கண்ணீரோடு வரும் தாய் ஒருவர். அக்காள் மகனின் பி.டி.பி.டி.என். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, சம்மனோடு நிற்கும் லோரி ஓட்டுநர் இன்னொருவர். அந்தத் தாய் மேல்முறையீடு செய்யவில்லை. இந்த மாமா படிக்காமல் கையெழுத்திட்டார். இருவருக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? பொதுப் பணத்தில் கல்வி உதவி வழங்கும்போது இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்து எந்தக் குடிமகனையும் ஒதுக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு. 153ஆவது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் உபகாரச் சம்பளத்தில் நியாயமான விகிதத்தை ஒதுக்க வழி விடுகிறது. அதே பிரிவுதான் மற்ற இனங்களின் சட்டபூர்வ நலன்களையும் காக்கச் சொல்கிறது. ஏழை மலாய்க்காரர் வீட்டுப் பிள்ளை படிப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு ஒரு பக்கம், மீதி 10 விழுக்காட்டுக்கு மற்ற எல்லாரும் முட்டி மோத வேண்டும் என்றால், அது எந்த ஊர் நியாயம்?

2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள். விகிதம் அசையவில்லை. 2024இல், 10ஏ எடுத்தால் இனம் பாராமல் இடம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் பத்துப் பாடம் எடுக்க வழியில்லாத பள்ளியில், எடுத்த ஒன்பதிலும் ஏ வாங்கிய செம்பனைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு என்ன பதில்?

நம் தலைவர்கள் மாலை போட்டுக்கொண்டு இடங்களை அறிவிப்பார்கள். 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்ற அறிவிப்புக்குக் கை தட்டினோம். இனி கணக்குக் கேட்போம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இதை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது.

சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கும் அப்பாக்களே, சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். கடன் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. எஸ்.டி.ஆர். உதவிக்குத் தகுதி இருந்தால் பதிந்துகொள்ளுங்கள். அதைப் பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதிகபட்சக் கடன் பெற வழியுண்டு.

"பி.டி.பி.டி.என். நிச்சயம்" என்று வீடு தேடி வரும் கல்லூரி ஏஜெண்டிடம் பதிவுக் கட்டணம் கொடுக்குமுன், அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடனும் இல்லை. இருந்தாலும் அது கடன்தான், இலவசம் அல்ல. ஆறாம் படிவம் செலவு குறைந்த வழி. எஸ்.டி.பி.எம். எழுதி அரசுப் பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகள் ஏராளம்.

இடம் மறுக்கப்பட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். தேதி கடப்பதற்குள் மேல்முறையீடு செய்யுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கிடைத்ததைக் காப்பாற்றுவதும் முக்கியம். புள்ளி சரிந்தால் கடன் நிற்கும். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதற்கும் காலவரம்பு உண்டு.

1960இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பால் மரம் சீவிய கைகளே தோட்டத்தை விலைக்கு வாங்கின. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் ஒரு பாரத்துக்காக யார் வீட்டு வாசலிலும் காத்து நிற்க வேண்டாம்.

வரி கட்டுகிறோம். கேட்பது நம் பங்கு. தலை நிமிர்ந்து கேளுங்கள்!