மன உறுதி மட்டும் போதுமா? கள்ளக்குறிச்சி எழுப்பும் கேள்வி

“குடிச்சுட்டு செத்தவங்களுக்கு எதுக்கு 10 லட்சம்?” 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு நிவாரணம் அறிவித்ததும் வாட்ஸ்அப் குழுக்களிலும் டீக்கடைகளிலும் சுற்றிய கேள்வி இது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனசு வச்சா யாரும் குடியை விட்டுடலாம், விடாதவன் பலவீனமானவன், அவன் கஷ்டம் அவனே தேடிக்கிட்டது. ‘21 நாளில் பழக்கத்தை மாற்றலாம்’ என்று சொல்லும் ரீல்ஸிலும் ஓடுவது இதே நம்பிக்கைதான். எல்லாம் உன் கையில்! கேட்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால், கருணாபுரத்துக்கு இது பொருந்துமா?

யார் குடித்தார்கள்?

இறந்தவர்களில் பெரும்பாலானோர் மூட்டை தூக்குவது போன்ற உடலுழைப்பு வேலை செய்த தினக்கூலிகள். பெண்களும் இருந்தார்கள். நாள் முழுக்க உழைத்து உடம்பு வலியோடு வீடு திரும்புகிறார் ஒருவர். டாஸ்மாக் குவார்ட்டரைவிட ரொம்ப மலிவாக, வீட்டுப் பக்கத்திலேயே பாக்கெட் சாராயம் கிடைக்கிறது. ஓய்வும் மருத்துவமும் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. இந்தச் சூழலில் ‘மன உறுதி’ தினமும் ஜெயிக்க வேண்டும். சாராயம் ஒருநாள் ஜெயித்தால் போதும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

அந்தப் பாக்கெட்டில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ரசாயனம். குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கல்லீரல் இதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. ரத்தத்தில் அமிலம் கூடுகிறது, பார்வை நரம்பு பாதிக்கப்படுகிறது. கடுமையான அறிகுறிகள் தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். “நேத்து கொஞ்சம் ஓவராயிடுச்சு” என்று படுத்துக்கொண்டால், மாற்று மருந்தும் டயாலிசிஸும் பலன் தரக்கூடிய நேரம் போய்விடும். குடித்ததைச் சொன்னால் அசிங்கப்படுத்துவார்கள் என்ற பயமும் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடும். ஆக, குடிப்பவரை கேவலமாகப் பேசுவது அவரைத் திருத்துவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதைத்தான் தள்ளிப்போடுகிறது.

‘இன்னிக்கே நிறுத்து’ என்ற அறிவுரையிலும் ஆபத்து இருக்கிறது. பல வருடம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படுவது இதனால்தான்.

மலையிலும் அதே ‘திருந்து’

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. ‘சாராய ஊறல் அழிப்பு’ என்ற செய்தி அங்கிருந்து அடிக்கடி வரும். காய்ச்சுபவர்களுக்கும் ‘திருந்தி வாழு’ என்பதுதான் அறிவுரை. மலையாளி பழங்குடியினர் வாழும் இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. ரோடு, ஆஸ்பத்திரி, வருமானம் எல்லாமே அங்கே பிரச்சினைதான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது இந்த மக்களின் வாழ்க்கை நிலையைத்தான். சாராய சாவுகளுக்குப் பிறகு கேட்க வேண்டிய சரியான கேள்வி அது: திருந்தி வாழ அங்கே என்ன வழி இருக்கிறது?

அப்போ, தனிமனிதப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால், அந்தப் பொறுப்பு பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போராடுவதில் இல்லை. உதவி கேட்பதில் தொடங்குகிறது. இது ஐடி பார்க்கில் வேலை பார்ப்பவருக்கும் பொருந்தும். வெள்ளிக்கிழமை டீம் பார்ட்டியில் “ஒண்ணே ஒண்ணு மச்சி” என்பது பாதுகாப்பான அளவு அல்ல. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. குறைக்க நினைப்பவர் சபதம் போடுவதைவிட, பார்ட்டி நடக்கும் இடத்தை மாற்றுவதும், நம்பகமான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி வைப்பதும் பலன் தரும். நண்பர் நிறுத்த முயன்றால், ஊற்றிக் கொடுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

நல்ல சம்பளம், லீவு, கவுன்சலிங்குக்குப் பணம் எல்லாம் இருக்கும் ஒருவர் குடியை விட்டால் அதை மன உறுதி என்கிறோம். இவை எதுவுமே இல்லாதவரால் விட முடியாவிட்டால் குணக்கேடு என்கிறோம். இந்தக் கணக்கு நியாயமில்லை.

அடுத்த முறை “யாரு குடிக்கச் சொன்னது?” என்று வாய் வரை வந்தால், அதற்குப் பதில் இரண்டு எண்களைச் சொல்லலாம். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம்.