உதவிக்கு உதவி கேட்டால் சிரித்து மழுப்பலாமா?

உலகில் எவரும் தனித்து வாழ்ந்துவிட முடியாது. இன்று நாம் ஒருவருக்குத் தோள் கொடுக்கிறோம். நாளை அவர் நமக்குத் தோள் கொடுக்கிறார். நம் மகளின் நிக்காஹ் வேளையில் பந்தலுக்கும் சமையற்கட்டுக்கும் ஓடி உழைத்த நண்பர், மருத்துவமனையில் நமக்காக இரவெல்லாம் விழித்திருந்த அயலார், கடை வைக்கும்போது நம்மை நம்பி ஜாமீன் கையெழுத்திட்ட தோழர், பிரசவ காலத்தில் நம் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சோறூட்டிய அண்டை வீட்டுப் பெண்மணி - இவர்களில் ஒருவருக்கேனும் கடமைப்படாத குடும்பம் எது?

அவர்களும் மனிதர்களே. அவர்களுக்கும் ஒரு நாள் தேவை வருகிறது. எத்தனையோ இரவுகள் யோசித்து, எத்தனையோ முறை தயங்கி, கடைசியில் நம் வாயிலில் வந்து நிற்கிறார்கள். 'அன்று நான் செய்தேனே, இன்று நீங்கள் எனக்குச் செய்யலாகாதா?' என்று வாய்விட்டுக் கேட்பாரும் உண்டு; சொல்லாமற் சொல்வாரும் உண்டு.

அவ்வேளையில் நம்மில் பலர் கையாளும் உபாயம் ஒன்று இருக்கிறது. அது சிரிப்பு! 'அடடே! அந்தக் கணக்கை இன்னுமா நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள்? அதற்கு வட்டி வேறு உண்டோ? நம் மார்க்கத்தில் வட்டி ஹராம் ஆயிற்றே!' என்று ஒரு போடு போடுகிறோம். அருகில் இருப்போர் கலகலவெனச் சிரிக்கின்றனர். கேட்டவரும் வேறு வழியின்றிச் சிரிக்கிறார். தேநீர் வருகிறது, பேச்சுத் திசை மாறுகிறது, வந்தவர் எழுந்து போய்விடுகிறார். ஒரு தர்மசங்கடம் தீர்ந்தது என்று நாம் பெருமூச்சு விடுகிறோம்.

ஆனால் யாருடைய சங்கடம் தீர்ந்தது? நம்முடையது தீர்ந்தது. வந்தவர் தம்முடையதைச் சுமந்துகொண்டே வீடு திரும்பினார். அதோடு, கேட்டோமே என்ற வெட்கத்தையும் சேர்த்துச் சுமந்து சென்றார். அன்பர்களே, இது தகுமா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

அண்ணலாரின் நகைமொழி

சிரிப்பே கூடாது என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. முகமலர்ச்சியோடு சகோதரரைப் பார்ப்பதும் தர்மமே என்று போதித்தது இஸ்லாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள். தாங்களும் எங்களோடு வேடிக்கையாகப் பேசுகிறீர்களே எனத் தோழர்கள் வியந்தபோது, வேடிக்கையிலும் தாம் உண்மையன்றி வேறு சொல்வதில்லை என்று விளக்கினார்கள். இது திர்மிதியில் பதிவாகியுள்ளது.

உதவி கேட்டு வந்த ஒருவரிடமே அண்ணலார் நகைச்சுவையாகப் பேசிய நிகழ்ச்சியும் உண்டு. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இடம் பெற்றுள்ள செய்தி இது. ஒருவர் வந்து, தாம் ஏறிச் செல்ல ஒரு வாகனம் வேண்டுமென்று கேட்டார். பெண் ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாக அண்ணலார் கூறினார்கள். வந்தவர் திகைத்தார். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்றார். எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் குட்டிதானே என்று அண்ணலார் தெளிவுபடுத்தினார்கள். எவ்வளவு பெரிதாய் வளர்ந்த ஒட்டகமும் தன் தாய்க்குக் குட்டிதான் அல்லவா?

இந்நிகழ்ச்சியைச் சபைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் இதில் பொதிந்துள்ள ஒழுங்கைக் கவனித்தோமா? முதலாவது, சொன்ன சொல்லில் பொய் இல்லை. இரண்டாவது, கேட்டவரின் தேவை கேலிப்பொருளாகவில்லை. நகைப்பு முழுதும் ஒரு சொல்லின் பொருளில் இருந்தது. மூன்றாவது, அந்தச் சொல் மறுப்பன்று. தருவதாகச் சொன்ன பின்னரே வேடிக்கை வந்தது. வந்தவர் ஒரு கணம் திகைத்தார், மறுகணம் தெளிந்தார். தமக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்ற ஐயத்தோடு அவர் அனுப்பப்படவில்லை.

ஸாஹிர் (ரலி) என்னும் பாலைவனத் தோழரின் வரலாறும் இத்தகையதே. அவர் மதீனா வரும்போதெல்லாம் பாலையில் கிடைக்கும் பொருள்களை அண்ணலாருக்கு அன்பளிப்பாகக் கொண்டு வருவார். அவர் திரும்பும்போது, வேண்டிய பொருள்களை அண்ணலார் அவருக்குச் சேகரித்துக் கொடுத்தனுப்புவார்கள். ஸாஹிர் நமக்குப் பாலைவனம், நாம் அவருக்குப் பட்டணம் என்னும் கருத்துப்படப் பேசுவார்கள். உதவியும் பிரதியுபகாரமும் இவ்வளவு இனிமையாக நடந்து வந்தன.

ஒரு நாள் ஸாஹிர் சந்தையில் தம் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். அண்ணலார் பின்புறமாக வந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரென அறிந்ததும் ஸாஹிர் மகிழ்ந்து, தம் முதுகை அண்ணலாரின் மார்போடு சேர்த்துக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவார் உண்டோ என்று அண்ணலார் வேடிக்கையாகக் குரல் கொடுத்தார்கள். தோற்றப் பொலிவு இல்லாத அந்த எளியவர், நான் விலை போகாத சரக்காயிற்றே என்றார். அப்போது அண்ணலார் அந்த வேடிக்கையை அதோடு விட்டுவிடவில்லை. அல்லாஹ்விடம் நீர் விலைமதிப்பற்றவர் என்னும் பொருள்பட ஆறுதல் மொழிந்தார்கள். வேடிக்கைக்கு ஆளானவர், வேடிக்கை தொடங்குமுன் இருந்ததைவிட உயர்ந்து நின்றார். நம்முடைய வேடிக்கை முடிந்த பிறகு நம் நண்பர் எப்படி நிற்கிறார்?

விளையாட்டு எதை மறைத்தது?

ஜாபிர் (ரலி) அவர்களின் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அவருடைய தந்தை கி.பி. 625-ல் உஹதுப் போரில் ஷஹீதானார். கடன்களும், பராமரிக்க வேண்டிய சகோதரிகளும் ஜாபிரின் பொறுப்பாயின. ஒரு பயணத்தில் அவருடைய ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. அண்ணலார் அதைத் தட்டி விரைந்து நடக்கச் செய்து, அதை எனக்கு விற்றுவிடும் என்று விலை பேசினார்கள். மதீனா சேரும்வரை தாமே ஏறிவருவதாகக் கூறி ஜாபிர் விற்றார். ஊர் சேர்ந்ததும் ஒட்டகத்தை ஒப்படைத்து விலையைப் பெற்றுக்கொண்டார். அவர் திரும்பும் வேளையில் அண்ணலார் மீண்டும் அழைத்து, உமது ஒட்டகத்தைப் பறித்துக்கொள்ளவா பேரம் பேசினேன் என்று கேட்டு, ஒட்டகத்தையும் பணத்தையும் சேர்த்தே அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

சுமைகள் நிறைந்த ஓர் இளைஞருக்கு உதவ வேண்டும்; அவருடைய தன்மானமும் குலையலாகாது. அதற்காக அங்கே ஒரு பேரம் நடந்தது. அந்த இனிய விளையாட்டு, கொடுத்தலை மறைத்தது. நம்முடைய விளையாட்டோ கொடாமையை மறைக்கிறது! இதுதான் வேறுபாடு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். எந்தச் சிரிப்பு ஸுன்னத்தைச் சார்ந்தது, எந்தச் சிரிப்பு நழுவலைச் சார்ந்தது என்று நமக்கே விளங்கிவிடும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில் நாவின் தீங்குகளை வரிசைப்படுத்துகிறார்கள். அதில் வரம்பு மீறிய நகைப்பேச்சையும், பிறரை எள்ளி நகையாடுவதையும், பொய் வாக்குறுதியையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறார்கள். நாம் நண்பரைச் சிரித்து மழுப்பி அனுப்பும்போது, இம்மூன்றும் ஒரே மூச்சில் சேர்ந்துவிடுகின்றன. வேடிக்கை பேசுகிறோம், நான்கு பேர் முன்னிலையில் அவருடைய தேவையை இளக்காரமாக்குகிறோம், 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று, நிறைவேற்றும் எண்ணமே இல்லாத வாக்கையும் கொடுத்துவிடுகிறோம்.

கடன் வேறு, உபகாரம் வேறு

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. நண்பர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது உதவி கேட்டதன்று. தம் உரிமையைக் கேட்டதாகும். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. ஒருவர் அண்ணலாரிடமே கடனைத் திருப்பிக் கேட்டுக் கடுமையாகப் பேசினார். தோழர்கள் கொதித்தெழுந்தனர். உரிமையுள்ளவருக்குப் பேசவும் உரிமை உண்டு, விட்டுவிடுங்கள் என்று அண்ணலார் தடுத்து, அவர் கொடுத்த ஒட்டகத்தைவிட மேலான ஒட்டகத்தை வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். அங்கே அந்த மனிதரின் கடுமையைக்கூடக் கேலி செய்யவில்லை. கடனுக்கு விடை நகைச்சுவையன்று. தவணை நாளும் தொகையுமே!

உபகாரத்தின் நிலை வேறு. அதற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஆயினும் நமக்கு நன்மை செய்தவருக்குக் கைம்மாறு செய்ய வேண்டும், இயலாவிடில் கைம்மாறு செய்துவிட்டோம் என்று மனம் நிறையும்வரை அவருக்காக துஆச் செய்ய வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். எழுத்தும் சாட்சியும் இல்லாததனாலேயே அது நம் மனச்சாட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகிறது.

'இல்லை' என்று சொல்லவும் அழகிய வழியுண்டு

'என்னிடம் உண்மையிலேயே இல்லாதபோது நான் என்ன செய்வேன்? முகத்திலடித்தாற்போல் மறுப்பதைவிடச் சிரித்துச் சமாளிப்பது மேலல்லவா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குத் திருமறையே விடை தருகிறது. உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்லும் 17-ஆம் அத்தியாயம், கொடுக்க இயலாமல் இறைவனின் அருளை எதிர்பார்த்திருக்கும் நிலையில் அவர்களிடம் இதமான, இலகுவான சொல்லைச் சொல்லும்படி 28-ஆம் வசனத்தில் பணிக்கிறது. இதமான சொல் வேறு, வழுக்கும் சொல் வேறு. இதமான சொல் கேட்டவரின் நெஞ்சுக்கு இலகுவாக இருக்கும். வழுக்கும் சொல் சொன்னவரின் நாவுக்கு மட்டுமே இலகுவாக இருக்கும்.

நகைச்சுவைக்கும் அங்கே இடமுண்டு. ஆனால் அது நம்மைப் பற்றியதாக இருக்கட்டும். 'என் பணப்பெட்டியில் இப்போது பூட்டு மட்டுந்தான் பெறுமானமுள்ள பொருள். இம்மாதம் என்னால் இயலாது. அடுத்த மாதம் சீட்டுப் பணம் வந்ததும் பாதியைத் தருகிறேன்' என்று சொல்லுங்கள். 'என் வண்டிதானே வேண்டும்? அது என்னைவிடக் கிழம். தள்ளுவதற்கு என் இரு மகன்களையும் சேர்த்தே தருகிறேன். ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள். வந்தவரும் மனம்விட்டுச் சிரிப்பார். சிரிப்போடு கூட ஒரு தெளிவான விடையும் அவர் கையில் இருக்கும். இல்லையெனில் இல்லையென்றே அறிந்து, வேறொரு கதவைத் தட்டுவதற்கேனும் அவருக்கு நேரம் மிஞ்சும். மழுப்பல் அந்த நேரத்தையும் அல்லவா திருடிவிடுகிறது?

நட்பின் பெயரால் கேட்கப்படும் யாவும் கொடுக்கத் தக்கவையும் அல்ல. பொய்ச்சாட்சி சொல், தகுதியற்றவனுக்குச் சிபாரிசு செய் என்று கேட்டால், அங்கே சிரிப்பும் வேண்டாம், சுற்றிவளைப்பும் வேண்டாம். திருட்டுக் குற்றத்திற்கு ஆளான உயர்குலப் பெண்ணுக்காக, அண்ணலாரின் பேரன்புக்குரிய உஸாமா (ரலி) பரிந்து பேச வந்தபோது, அண்ணலார் நகைத்து அனுப்பவில்லை, கண்டித்து மறுத்தார்கள். நீதியின் விஷயத்தில் நகைச்சுவை நுழைந்தால், நண்பர் அதைச் சம்மதம் என்று எண்ணிவிடக்கூடும்.

உதவி செய்தவருக்கு ஒரு சொல்

இதுவரை விடை சொல்வோரைப் பற்றிப் பேசினோம். கேட்போரும் தம் பங்கை உணர வேண்டும். செய்த உதவியைச் சொல்லிக்காட்டி, மனத்தை நோகடித்துத் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று திருக்குர்ஆன் 2-ஆம் அத்தியாயத்தின் 264-ஆம் வசனம் எச்சரிக்கிறது. வழுக்குப் பாறையின் மேல் படிந்த மண்ணைப் பெருமழை அடித்துச் செல்வதை அதற்கு உவமையாகக் காட்டுகிறது. நம் ஊர்களில் திருமண மொய்யை நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறோம். அது ஊர் வழக்கம். ஆனால் நள்ளிரவில் நண்பருக்குச் செய்த உதவியையும் மொய் நோட்டில் ஏற்றலாமா?

மிஸ்தஹ் என்னும் ஏழை உறவினரை ஆதரித்து வந்தவர்கள் அபூபக்ர் (ரலி). அந்த மிஸ்தஹோ அபூபக்ர் (ரலி) அவர்களின் அருமை மகளார் ஆயிஷா (ரலி) மீது சொல்லப்பட்ட அவதூற்றில் வாய் கொடுத்துவிட்டார். இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். நன்றி கொன்றவர் விஷயத்திலும் மன்னித்து ஈயும்படி 24-ஆம் அத்தியாயத்தின் 22-ஆம் வசனம் இறங்கியது. இறைவன் தம்மை மன்னிப்பதை விரும்பிய அப்பெருந்தகை, மீண்டும் உதவத் தொடங்கினார்கள். கைம்மாறு கிடைக்காத நண்பர்களுக்கு இதைவிட ஆறுதலான வரலாறு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒன்று. இந்த வரலாறு, உதவி செய்தவர் தம் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. உதவி பெற்றவர் அதை எடுத்து, 'அல்லாஹ்வுக்காகத்தானே செய்தீர்கள், அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்' என்று நண்பரிடம் வேடிக்கை பேசலாகாது. அவருடைய இக்லாஸை நம் கஞ்சத்தனத்திற்குக் கேடயமாக்குவதைவிடக் கொடிய பரிகாசம் வேறில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! நம் பிள்ளைகள் திண்ணையிலும் கூடத்திலும் இருந்து நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தவரை நாம் சிரித்து அனுப்பியதையும் பார்க்கிறார்கள். அவர் சென்ற பின் கதவைச் சாத்திக்கொண்டு நாம் சொன்னதையும் கேட்கிறார்கள். நன்றி என்பது ஒரு கணக்கு, அதைச் சாமர்த்தியமாகப் பேசித் தள்ளிவிடலாம் என்று அவர்கள் கற்றுக்கொண்டால், நாளை நம் முதுமையில் நாம் அவர்களிடம் ஒன்று கேட்கும்போது நமக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சே விடையாகக் கிடைக்கும்.

ஆகவே, கேட்டு வருவோரைச் சிரித்த முகத்தோடு வரவேற்போம். அவருடைய கூச்சம் தீரும்படி நகைச்சுவையாகவும் பேசுவோம். ஆனால் அவர் எழுந்து செல்லுமுன், ஆம் என்றோ, இல்லை என்றோ, இன்ன நாளில் என்றோ ஒரு மெய்யான சொல்லை அவர் கையில் கொடுத்தனுப்புவோம். நம் நாவைப் பொய்யிலிருந்தும், நம் சிரிப்பைப் பிறர் மனம் நோகச் செய்வதிலிருந்தும் வல்ல இறைவன் காத்தருள்வானாக! ஆமீன்.