விளக்கு யாருக்காக?

ஒரு மேஜை விளக்கைப் பற்றி அரசியல் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது.

பணக்கார வீடுகளின் அலங்காரத்தைப் படம் பிடித்துக் காட்டும் பத்திரிகைகளில் ஒரு விளக்கு அடிக்கடி தென்படும். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கவிழ்த்து வைத்த மூன்று ஷேடுகள், நடுவே பல்பு. "பி.எச். விளக்கு" என்று பெயர். அதை ஆக்கியவர் டென்மார்க்கின் போல் ஹென்னிங்சன் (1894-1967). இது பூர்ஷ்வா ஆடம்பரம், நமக்கேன் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம் என்பது நமது அபிப்பிராயம்.

மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளி போய் மின்சார விளக்கு வந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். புது பல்பு கண்ணைக் குத்தியது. அதன்மேல் ஜரிகைக் குஞ்சம் கட்டி மறைத்தால் ஒளியில் பாதி வீணாகும். இந்தப் பிரச்னையை அவர் கணக்குப் போட்டுத் தீர்த்தார். ஷேடின் வளைவை ஒரு சுருள்கோட்டிலிருந்து எடுத்தார். அந்தக் கோட்டின் மையத்தில் பல்பை வைத்தால், வளைவின் எந்த இடத்திலும் ஒளி ஒரே கோணத்தில்தான் விழும். இப்படி மூன்று ஷேடுகளும் ஒளியைப் பங்கிட்டுக் கீழே அனுப்புகின்றன. பல்பு கண்ணில் படுவதில்லை, மேஜையிலோ வெளிச்சத்துக்குக் குறைவில்லை. இதன் முன்னோடியான விளக்கு 1925-ல் பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றது. மூன்று ஷேடு விளக்கு 1926-ல் கோபன்ஹேகனின் ஃபோரம் மண்டபத்துக்காக உருவாயிற்று.

அதே ஆண்டில் அவர் "கிரிட்டிஸ்க் ரெவ்யூ" என்ற பத்திரிகையைத் தொடங்கி 1928 வரை நடத்தினார். பணக்காரர் ஒருவருக்காக ஒரே ஒரு பூஜாடியைச் செதுக்கிக்கொண்டிருந்த கைவினைஞர்களைக் கடுமையாகச் சாடினார். ஜனங்கள் அன்றாடம் எடுத்துப் புழங்கும் கோப்பையை, தட்டைச் செய்யுங்கள் என்றார். நவீனம் என்ற பெயரில் வெறும் ஸ்டைலைத் துரத்தியவர்களையும் அவர் விட்டு வைக்கவில்லை.

பல்பு முதலாளிகள் மட்டும் என்ன? 1924-லேயே பெரிய கம்பெனிகள் ஜெனீவாவில் கூட்டுச் சேர்ந்து, பல்பின் ஆயுள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர், மீறியவனுக்கு அபராதம்! பல்பின் வடிவத்தையும் அவ்வப்போது மாற்றினார்கள். சலித்துப்போன ஹென்னிங்சன், எந்த பல்பை மாட்டினாலும் கண் கூசாதபடி 1958-ல் "பி.எச். 5" என்ற தொங்கு விளக்கை அமைத்தார்.

ஹிட்லரின் படை 1940 ஏப்ரலில் டென்மார்க்கை ஆக்கிரமித்தது. அந்த ஆண்டே மேடை நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் ஒரு பாட்டு எழுதினார். மேலுக்குக் காதல் பாட்டு. கேட்ட ஜனங்களுக்கு அர்த்தம் விளங்கிற்று. இருட்டடிப்பு உத்தரவு வந்தபோது, வானத்திலிருந்து பார்த்தால் தெரியாத விளக்குகளை அமைத்து, டிவோலி பூங்கா நள்ளிரவு வரை திறந்திருக்க வழி செய்தார். 1943-ல் ஸ்வீடனுக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது.

இப்படிப்பட்டவரின் விளக்குக்கு இன்று நேர்ந்திருக்கும் கதி என்ன? டென்மார்க்கில் சாதாரண வீடுகளிலும் அது எரிகிறது, உண்மைதான். ஆனால் அதன் கண்ணாடி ஷேடு மேஜை விளக்கு ஒன்றின் விலை, உலகத் தொழிலாளர்களில் பெரும்பாலோரின் மாதச் சம்பளத்துக்கு மேல். பழைய விளக்குகள் ஏல மண்டபங்களில் சேகரிப்பாளர்களின் போட்டிப் பொருளாகிவிட்டன. தகடும் கண்ணாடியும் கம்பியும் சேர்ந்து இந்த விலை ஆகாது. பெயருக்கும் உரிமைக்கும் சேர்த்தே வாங்குகிறார்கள். நல்ல வேலைக்கு நல்ல கூலி வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கணக்குப் போட்டவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்கிறது டென்மார்க் சட்டம். ஆகவே 2037 முடியும் வரை, அனுமதியின்றி அதே விளக்கைச் செய்து மலிவாக விற்பவன் அங்கே குற்றவாளி.