கியர்பொக்ஸை இறக்கத்துக்காகத் தெரிவு செய்யுங்கள்

நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்த என்னிடம் வழமையாக எல்லோரும் அரசியல்தான் கேட்பார்கள். நண்பருக்கோ அரசியலை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இருபது வருடங்களுக்கு மேல் உழைத்துவிட்ட அவரது ஜப்பானிய டீசல் லொறி, இறம்பொடை இறக்கத்தில் வரும்போது மூன்றாவது கியரிலிருந்து தானாகவே கழன்று விடுகிறதாம். கராஜ்காரர் மூன்று வழிகளைச் சொல்லியிருக்கிறார். அதே ஐந்து கியர் பெட்டியைத் திறந்து புதுப்பிப்பது முதலாவது. பஞ்சிகாவத்தையில் பழைய ஆறு கியர் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்துவது இரண்டாவது. லொறியை விற்றுவிட்டு, கிளச் மிதி இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் பிற்காலத்து லொறி ஒன்றை வாங்குவது மூன்றாவது.

"ஆறு கியர் போட்டா டீசல் மிச்சமாகும்னு சொல்றாங்க ஐயா. நீங்க நாலு பேரை விசாரிச்சு ஒரு முடிவு சொல்லுங்க" என்றார்.

நான் பொறியியலாளன் அல்லன். ஆனால், விசாரிப்பது எனது தொழில். விசாரித்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்தை இங்கு எழுதுவதற்குக் காரணம், இது ஒரு வியாபாரியின் பிரச்சினை மாத்திரம் அல்ல என்பதே. 2020 ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை படிப்படியாகத் தளர்ந்து 2025 ஆம் ஆண்டில்தான் பெரும்பாலும் நீங்கியது. அந்த ஐந்து வருட காலத்தில் பழைய லொறிகளைத் திருத்தித் திருத்தியே ஓடவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. புதிய லொறியின் விலையைக் கேட்டவர்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். ஆகவே, எந்தக் கியர்பொக்ஸைப் போடுவது என்ற கேள்வி எமது வீதிகளில் செல்லும் எல்லோருடைய உயிருடனும் சம்பந்தப்பட்டது.

முதலில் டீசல் மிச்சம் என்ற வாதத்தைப் பார்ப்போம். நண்பரின் லொறியைப் போன்ற ஒன்றின் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.5 மீற்றர் உருளும். பின் அச்சின் பல்விகிதம் 5.125 என்று வைத்துக்கொள்வோம். பழைய பெட்டியின் ஐந்தாவது கியர் நேர் விகிதமாக, அதாவது 1 ஆக இருந்தால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,050 தடவை சுற்றும். புதிய பெட்டியின் ஆறாவது கியர் 0.73 ஆக இருந்தால் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்றுக்கள் போதும். எஞ்சினின் சத்தம் குறையும், தேய்மானம் குறையும், டீசலும் ஓரளவு மிஞ்சும். கராஜ்காரர் பொய் சொல்லவில்லை.

ஆனால், அந்த 60 கிலோமீற்றர் வேகத்தில் நண்பரின் லொறி எத்தனை மணி நேரம் ஓடுகிறது? யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 பாதையில் தம்புள்ளைக்கு வருபவருக்கு அது சரியான கேள்வி. அவருக்கு ஆறாவது கியர் இலாபமே. நுவரெலியாவிலிருந்து புசல்லாவை, கம்பளை வழியாக இறங்கும் லொறிக்கு வழியின் முக்கியமான பகுதியில் அந்தக் கியர் பயன்படப் போவதேயில்லை.

மலைப்பாதையில் நிகழ்வது வேறு கணக்கு. சுமையுடன் 8,000 கிலோகிராம் நிறையுள்ள லொறி ஒன்று 1,000 மீற்றர் உயரம் இறங்குகிறது என்போம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கம்பளைக்கு வரும் லொறி அதற்கும் கூடுதலாகவே இறங்குகிறது. 1,000 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 78 மெகாஜூல். சாதாரண வெப்பநிலையிலுள்ள 250 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் ரயர்களும் ஏற்றுக்கொள்ளும். மீதியை எஞ்சின் ஏற்காவிட்டால் பிரேக் ட்ரம்கள்தான் ஏற்கவேண்டும். ட்ரம் சூடேறி விரியும். லைனிங் பிடிப்பை இழக்கும். எண்ணெய் கொதித்தால் மிதி தரைவரைக்கும் போய்விடும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று செய்திகளில் நாம் எழுதும் இரண்டு சொற்களுக்குப் பின்னால் பல சந்தர்ப்பங்களில் இருப்பது இதுதான்.

எஞ்சின் எவ்வளவு வெப்பத்தை ஏற்கும் என்பதைத் தீர்மானிப்பது கியர்பொக்ஸ். இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், பல்விகிதம் 2 ஆக உள்ள கியரில் எஞ்சின் 2,050 சுற்றுக்கள் சுற்றி வண்டியை நன்றாகப் பிடித்திருக்கும். அதே வேகத்தில் விகிதம் 1.4 ஆக உள்ள அடுத்த கியரில் 1,435 சுற்றுக்கள்தான்; பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடும். புகைக்குழாயை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் சுற்றுக்கள் கூடுதலாக இருக்கும்போதே நன்றாக வேலை செய்யும். எனவே, மலைநாட்டு லொறிக்குப் பெட்டி வாங்குபவர் கடைசிக் கியரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நடுவிலுள்ள இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களின் விகிதங்களைக் கேட்கவேண்டும். அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தால், ஒன்று எஞ்சின் அலறும், மற்றது வண்டியைப் பிடிக்காது. நடுவில் நெருக்கமான படிகள் உள்ள ஆறு கியர் பெட்டி கிடைக்குமானால் அது நல்லதே. பழைய பெட்டியின் படிகளை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு வேகக் கியரை மட்டும் சேர்த்த பெட்டியால் இறக்கத்தில் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு விடயத்தை விலைபேசும்போது எவரும் சொல்வதில்லை. ஜப்பானிய சிறிய லொறிகள் பலவற்றில் கைபிரேக் சில்லுகளில் இல்லை. கியர்பொக்ஸின் பின்முனையில் தனி ட்ரம்மாக இருக்கிறது. பெட்டியை மாற்றுபவர் கைபிரேக்கையும் மாற்றுகிறார். பெட்டியின் நீளம் வேறுபட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டிச் சமநிலைப்படுத்த வேண்டும். எக்ஸோஸ்ட் பிரேக்கின் வயர்களை மீண்டும் சரியாக இணைக்கவேண்டும். அவற்றை இணைக்காமலேயே ஒதுக்கிக் கட்டிவிட்டு அனுப்பிய லொறி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். மலிவாகக் கிடைத்த பெட்டி முடிவில் மலிவாக இருப்பதில்லை.

தானாகக் கியர் மாற்றும் லொறியைப் பொறுத்தவரை, தொழில்நுட்பத்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. வட அமெரிக்காவில் டீசல் பிக்அப் வண்டிகளில் 2018 ஆம் ஆண்டு மாதிரியுடன் ராம் நிறுவனமும் கைக்கியரைக் கைவிட்டது. அங்கு இப்போது புதிதாக வாங்குபவருக்கு அந்தத் தெரிவே கிடையாது. அங்கும் ஒரு பாடம் இருக்கிறது. எஞ்சினின் வலுவைக் கணினிச் சில்லுகளால் கூட்டிக்கொண்ட உரிமையாளர்கள், அதைத் தாங்கமுடியாத பழைய தானியங்கிக் கியர்பொக்ஸ்களை எரித்துக்கொண்டு, பிறகு அவற்றைப் பலப்படுத்துவதற்குப் பெருந்தொகை செலவிட்டார்கள். எங்களுடைய நாட்டில் எஞ்சினின் வலுவை எவரும் கூட்டுவதில்லை, சுமையைக் கூட்டுகிறோம். விளைவு ஒன்றுதான். புதிய தானியங்கி லொறி சாரதியின் களைப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால், பாவித்த நிலையில் வாங்கும்போது அதன் மின்னணுப் பகுதி பழுதுபட்டால் திருத்துவதற்கு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும், இறக்கத்தில் கியரைப் பிடித்து நிறுத்தும் முறையைச் சாரதி அறிவாரா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

இவ்வளவும் இரும்பைப் பற்றியது. மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். நண்பரின் சாரதியுடனும் பேசினேன். முப்பது வருடமாக அதே பாதையில் ஓடுபவர். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் உண்டா என்று கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு, தான் விடுவதில்லை என்றும் இளம் பொடியன்கள் விடுவதாகவும் சொன்னார். ஒரு பயணத்துக்கு இவ்வளவு டீசல் என்று உரிமையாளர் அளந்து கொடுக்கும்போது, அதில் மிச்சம் பிடிக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். உண்மையில் அதில் மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது கால் எடுத்த எஞ்சினுக்கு டீசல் செல்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரிகிறது. உயிரைப் பணயம் வைத்து நட்டத்தைச் சம்பாதிக்கிறார்கள்.

அந்தச் சாரதி சொன்ன ஒரு வசனம் மனதில் நிற்கிறது. "ஏத்தத்துல வண்டி நின்னா சில்லுக்குக் கட்டை வைக்கலாம் ஐயா. எறக்கத்துல ஓடினா எதை வைக்கிறது?"

இதிலே அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. புகைப் பரிசோதனை இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழை வழங்குபவர் கியர்பொக்ஸ் மாற்றப்பட்டதா, கைபிரேக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் இயங்குகின்றனவா என்பதை லொறியைச் சரிவில் நிறுத்தி, ஓட்டிப் பார்த்து எழுதவேண்டும். கடுகண்ணாவை, இறம்பொடை போன்ற இறக்கங்கள் தொடங்கும் இடங்களில் சுமை நிறுக்கப்படவேண்டும். விபத்து நடந்த பிறகு அனுதாபச் செய்தி விடுப்பதைக் காட்டிலும் அது பயனுள்ள காரியம். உரிமையாளர்களும் டீசலை அளப்பதற்குப் பதிலாக, பிரேக் லைனிங் எத்தனை மாதம் தாங்குகிறது என்பதை அளந்து, அதை நீடிக்கச் செய்யும் சாரதிக்குச் சிறு வெகுமதி கொடுக்கட்டும்.

நண்பருக்கு நான் சொன்ன முடிவு இதுதான். இறக்கத்தில் கழன்று விழும் கியருடன் இன்னொரு பயணம் போகவேண்டாம். அது நாளைக்குப் பார்க்கக்கூடிய பழுது அல்ல. பழைய பெட்டியையே திறந்து, தேய்ந்த சின்க்ரோ வளையங்களையும் கியர்ப் பற்களையும் கவைகளையும் பெயாரிங்குகளையும் மாற்றுங்கள். ஆறு கியர் பெட்டிக்கென ஒதுக்கிய பணத்தில் மிஞ்சுவதைக் கொண்டு எக்ஸோஸ்ட் பிரேக்கையும் நான்கு சில்லுகளின் பிரேக்குகளையும் சரிசெய்யுங்கள். மூடைகளில் சிலவற்றை இறக்கிவிட்டுப் போங்கள்.

கடைசி ஆலோசனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் உடனே ஏற்றுக்கொண்டார். மூடைகளைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். எனது அனுபவத்தில், எமது நாட்டின் பெரும்பாலான பிரச்சினைகள் அந்த யோசனையில்தான் தங்கிநிற்கின்றன.