லயத்துக் காருக்கு எதுக்கு ஹெடர்?

“இந்த ஓட்டை மைனருக்கு எதுக்கு ரேஸ் பைப்பு?”

வீதிச் சோதனை ஒன்றில் பொனெட்டைத் திறக்கச் சொன்னவர் சிங்களத்தில் கேட்டது இது. அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில் எங்கள் ஆட்கள் அதையே தமிழில் கேட்டார்கள்: “லயத்துல இருந்துக்கிட்டு ஹெடர் கேக்குதோ?” இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகிறோம்.

முதலில் வண்டியைப் பற்றி. எங்கள் லயத்து அண்ணன் ஒருவரிடம் இருப்பது மொரிஸ் மைனர் 1000. 1098 சீசீ என்ஜின். புத்தம் புதிதாக இருந்தபோதே அதன் வலு 48 குதிரை. இதை வைத்துக்கொண்டு யாரோடு ரேஸ் ஓடுவது? ஒரு காலத்தில் துரைமார் இந்த மாதிரி வண்டியில் வந்தால் எங்கள் பாட்டன்மார் ரோட்டோரம் ஒதுங்கி நிற்பார்களாம். இன்று அதே ரக வண்டி லயத்து வாசலில் நின்று எங்கள் சனத்தை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். அதற்கு முன்னால் தோட்டத்து ரோட்டில் இறங்க வேண்டும். மழை இரவில் அந்த ரோட்டுக்கு யார் வருவார்? அண்ணன் வருவார்.

போன வருடம் அந்த வண்டியில் போனவர்களுக்குத் தலையிடி வர ஆரம்பித்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ரோட்டு வளைவுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம், தேசிக்காயை முகரக் கொடுத்தோம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும், சூடானதும் குறைந்துவிடும். பாஸ் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்து, மெனிபோல்டில் கரி படிந்த ஒரு கோட்டைக் காட்டினார். வெடிப்பு. இரும்பு சூடாகி விரியும்போது வெடிப்பு கொஞ்சம் மூடிக்கொள்ளும், அதனால்தான் சத்தம் குறைந்திருக்கிறது.

மெனிபோல்ட் என்பது என்ஜினிலிருந்து வரும் எரிந்த புகையைச் சேர்த்துப் பின்குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டு. வருடக் கணக்காகச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும். எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே. கொதிக்கிற இரும்பில் குழித் தண்ணீர் அடிக்கும். துரு ஸ்டட்டைத் தின்னும், கேஸ்கட் ஊதும், கடைசியில் வார்ப்பே பிளக்கும். பிளந்த இடத்தால் வருவது காபன் மொனொக்சைட். பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, அதேதான். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். என்ஜினுக்கும் ஆட்களுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் வயர் போகும் ஓட்டைகளே அது உள்ளே வரப் போதும். மழைக்குக் கண்ணாடியை வேறு ஏற்றிவிடுவோம். பிரசவத்துக்குப் போகும் அக்காவை இந்தக் காற்றுக்குள் வைத்துத்தான் கொண்டுபோயிருக்கிறோம்.

இப்போது சொல்லுங்கள், ஹெடர் எதுக்கு?

“பழையதை ஒட்ட வேண்டியதுதானே” என்பார்கள். வார்ப்பிரும்பு வெல்டிங்குக்கு இலகுவில் மடியாது. முன்கூட்டிச் சூடாக்க வேண்டும், நிக்கல் கம்பி வேண்டும், மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லையென்றால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பவும் வெடிக்கும். அண்ணன் இரண்டு தரம் ஒட்டினார், இரண்டு தரமும் வெடித்தது. “புதுசு வாங்கு” என்பார்கள். மைனர் உற்பத்தி நின்று ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கலாம், பவுணில் காசு கட்டி. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன நாடு இது. “வண்டியையே மாற்று” என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலை கேட்டால் தலை சுற்றும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே பாஸ் ஹெடர் செய்தார். தடித்த தகட்டில் பிளேன்ஞ் வெட்டி, வளைத்த குழாய்களை ஒட்டி, ஒன்றாகச் சேர்த்து, பழைய சைலன்சரிலேயே கொண்டுபோய் மாட்டினார். நான்கு சிலிண்டருக்கு நான்கு குழாய் என்று நினைக்காதீர்கள். மைனரின் ஏ-சீரிஸ் என்ஜினில் நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல், அதனால் குழாய் மூன்றுதான். இன்னொரு சிக்கலும் இருந்தது. மைனரில் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும் இன்லெட்டும் மெனிபோல்டும் ஒரே வார்ப்பு. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் போய்விடும். தனி இன்லெட் ஒன்று கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தார். இதையெல்லாம் அவருக்கு எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த நாட்டுக்கு இது புதிய வித்தையும் இல்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் சார்ல்ஸ் வேர் நடத்திய மொரிஸ் மைனர் நிலையத்துக்கு இலங்கையிலிருந்துதான் உதிரிப்பாகங்கள் செய்து அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் வண்டிக்கு நாங்கள் பாகம் செய்தால் ஏற்றுமதி. லயத்து வண்டிக்கு நாங்களே செய்தால் ரேஸ் பைப்பு!

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று சொல்லி பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகச் சாமான்களைக் கழற்ற வைத்தார்கள். அதே வருடம் சத்தம் கூட்டிய சைலன்சர்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். சத்தத்தைப் பிடிப்பதில் எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. எதை வைத்துப் பிடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஐஎஸ்ஓ 5130 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. நிற்கிற வண்டியின் குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகையில் மைக்கை வைத்து டெசிபல் அளப்பது. நாங்கள் நின்று பார்த்த எந்தச் சோதனையிலும் மீற்றரைக் காணவில்லை. பொனெட்டைத் திறந்தார்கள், பளபளவென்று குழாய் தெரிந்தது, முடிந்தது. அண்ணனுக்குக் கிடைத்த உத்தரவு: கழற்றிவிட்டு, பழையதைப் பூட்டிக் கொண்டுவந்து காட்டு.

பழையது என்றால் அந்த வெடித்த மெனிபோல்ட். சத்தமில்லாமல் ஆளைக் கொல்லக்கூடிய துண்டு சட்டப்படி சரி, அதற்குப் பதிலாக வந்தது குற்றம். வருடாந்தப் புகைப் பரிசோதனை இதைக் காட்டிக் கொடுக்காதா என்று கேட்கலாம். அங்கே பெட்ரோல் வண்டிக்கு அளப்பது பின்குழாயில் வரும் புகையை. வெடிப்பால் வெளிக்காற்றும் உள்ளே இழுபடும், கலந்த புகையில் அளவு குறைத்தே காட்டும்.

இனி எங்கள் பசங்களுக்கு. கோபிக்க வேண்டாம், இந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஹெடர் போட்ட கையோடு சைலன்சரை அறுத்து எறிகிறவர் யார்? இரவு பதினொரு மணிக்கு லயத்து முன்னால் எக்ஸிலேட்டரை மிதிக்கிறவர் யார்? விடிந்தால் கொழுந்துக்குப் போக வேண்டிய அம்மாமார் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிறார்கள். பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை. சத்தம் கூடினால் வேகம் கூடும் என்பது சுத்தப் பொய். அளவுக்கு மீறித் தடித்த குழாய் போட்டால் புகை போகும் வேகம் குறைந்து, ஏற்றத்தில் தேவைப்படும் இழுவைதான் போகும். கார்புரேட்டர் ஜெட்டைப் பார்க்காமல் விட்டால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். அழகுக்கு வெப்ப நாடா சுற்றுகிறீர்களே, எங்கள் மழையில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். சாதாரண இரும்புக் குழாய் எப்படியும் வார்ப்பிரும்பைவிட மெல்லியது, மழைக்காலம் முடிய ஒரு தரம் கீழே படுத்துப் பார்க்கத்தான் வேண்டும். இவ்வளவும் தெரிந்து போடுகிறவர் பழுது பார்க்கிறார். தெரியாமல் சத்தத்துக்காகப் போடுகிறவர், அண்ணன் மாதிரி ஆட்களின் வண்டியை வீதியில் மறிக்க வைக்கிறார்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. சத்தத்தை மீற்றரால் அளவுங்கள், மீறினால் தண்டம் எழுதுங்கள். பழைய வண்டிக்குப் பழுதுக்காக மாற்றிய பாகத்தை மாவட்டத்திலேயே பரிசோதித்து, தமிழிலும் ஒரு படிவம் கொடுத்து, ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் போகாத கட்டணத்தில் அனுமதியுங்கள். புகைப் பரிசோதனையில் மெனிபோல்ட் வெடிப்பையும் பாருங்கள்.

வண்டி இப்போது இரண்டு கிழமையாகத் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. இந்த இரண்டு கிழமையில் ஒரு இரவு, காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள். வருகிற திங்கட்கிழமை அண்ணன் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஹெடரைக் கழற்ற வேண்டாம், பழைய மெனிபோல்டை டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறோம். எங்களில் நாலு பேர் கூடப் போகிறோம். அந்த வெடிப்புக்குள் ஒரு டோர்ச் அடித்துக் காட்டுவோம்.